ஆறு நாள் ஓட்டமும் அதன் கணக்கும்

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒருவர் ஓடுகிறார். தேசத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வர இன்னொருவர் புறப்படுகிறார். கொடியசைத்து அனுப்ப ஒரு பிரமுகர் வருகிறார், மாலை விழுகிறது, பத்திரிகையில் படம் வருகிறது. ஓடி முடித்ததும் மறுபடியும் மாலை, மறுபடியும் படம். இடைப்பட்ட நாட்களில் என்ன நடந்தது என்று கேட்பவர் அநேகமாக யாரும் இல்லை. இரவு எந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்தினார்? மறுநாள் காலை அதே இடத்திலிருந்துதான் தொடங்கினாரா? அன்றைய தூரத்தைக் குறித்து வைத்தவர் யார்? மாலை போட வந்த இடத்தில் இப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கேட்காமல் விடுவதால் நஷ்டப்படுகிறவர் உண்மையாக ஓடியவர்தான்.

நூறு மீட்டர் ஓட்டத்தை மைதானம் நிறைந்த ஜனங்கள் கண்ணால் பார்க்கிறார்கள். மாரத்தானுக்குக்கூட வழி நெடுக ஆட்கள் நிற்பார்கள். ஆறு நாளும் நாற்பது நாளும் நூறு நாளும் ஓடுகிறவரை முழுக்கப் பார்த்தவர் ஒருவரும் இருக்க முடியாது. பார்க்கிறவருக்குத் தூக்கம் வந்துவிடும். ஆகவே இந்த ஓட்டத்தில் சாதனை என்பது பாதி காலில் இருக்கிறது. மீதிப் பாதி கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மஸ்டர் ரோலில் பெயர் ஏறாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பதை ஆலையில் வேலை செய்கிறவருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பயந்த பந்தயம்

இந்தப் பைத்தியம் புதிதல்ல. 1860-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் லிங்கன் தோற்பார் என்று எட்வர்ட் பேசன் வெஸ்டன் என்ற இளைஞர் நண்பரிடம் பந்தயம் கட்டினார். லிங்கன் ஜெயித்துவிட்டார். தோற்றவர் பாஸ்டனிலிருந்து வாஷிங்டனுக்கு, 478 மைல், பத்து நாளில் நடந்து போய்ப் பதவியேற்பைப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. பனியிலும் சேற்றிலும் நடந்த வெஸ்டன், 1861 மார்ச் 4-ம் தேதி சில மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். பதவியேற்பு முடிந்திருந்தது. அன்றிரவு விருந்தில் புதிய ஜனாதிபதியின் கையைக் குலுக்கியதோடு திருப்தி அடைந்தார். அந்தத் தோல்வியிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது. 1874-ம் ஆண்டு நியூவார்க் நகரில் ஆறு நாட்களுக்குள் 500 மைல் நடந்து காட்டினார். அதிலிருந்து ஆறு நாள் பந்தயம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தீப்போலப் பரவியது.

ஏன் ஆறு நாள்? ஞாயிற்றுக்கிழமை பொதுக் கேளிக்கை கூடாது என்பது அக்காலத்துக் கட்டுப்பாடு. ஞாயிறு நள்ளிரவு கழிந்ததும் தொடங்கி, சனிக்கிழமை நள்ளிரவுக்குள் முடித்துவிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்தவர்கள் கண்டுபிடித்த பந்தயம் என்று சொன்னாலும் தவறில்லை. இன்றும் உலகமெங்கும் அந்த ஆறு நாள்தான் அளவுகோலாக நிற்கிறது.

பெரிய மண்டபத்துக்குள், மைலுக்கு ஏழு எட்டுச் சுற்று வரும் சிறிய தடத்தில் ஓட்டம் நடந்தது. உள்ளே புகையிலைப் புகை, வாத்தியம், கூச்சல், சூதாட்டம். யாரும் போற்றத்தக்க சூழ்நிலை அல்ல. ஆனால் அந்தச் சூதாட்டத்தால் ஒரு நன்மை விளைந்தது. ஏராளமான பணம் கட்டப்பட்டிருந்ததால் சுற்றுகளை எண்ணுவதில் கண்டிப்பு இருந்தது. ஒரு சுற்றைத் தவற விட்டால் அடிதடிதான்.

அந்தப் பந்தயங்களில் வென்றவர்கள் யார் என்று பார்த்தால் இங்கே வேலைக்கு வந்திருக்கிற தமிழர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். 1875-ல் சிகாகோவில் வெஸ்டனையே தோற்கடித்த டேனியல் ஓலியரி, அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து வீடு வீடாகப் புத்தகம் விற்றவர். 1878-ல் லண்டனில் நடந்த பெரிய பந்தயத்தில் 520 மைல் நடந்து வென்றவரும் அவரே. 1880-ல் நியூயார்க்கில் 565 மைல் போய் அன்றைய சாதனையை ஏற்படுத்திய பிராங்க் ஹார்ட், ஹைட்டித் தீவில் பிறந்த கறுப்பர். பாஸ்டனில் மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். கூட்டத்தில் சிலர் அவரை இழித்துப் பேசினார்கள். எண்ணுகிற பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. தோலின் நிறத்தைச் சொல்லி அந்த எண்ணை யாராலும் அழிக்க முடியவில்லை. வெளியூர்க்காரனுக்கும் ஏழைக்கும் ஒழுங்கான கணக்கைவிடப் பெரிய சிபாரிசு வேறு கிடையாது.

1888-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் லிட்டில்வுட், நியூயார்க் மண்டபத்தில் ஆறு நாளில் 623¾ மைல் ஓடினார். பிறகு ஜனங்களுக்கு சைக்கிள் பந்தயத்தில் மோகம் வந்து, இந்த ஓட்டம் மறைந்தே போயிற்று. அந்த எண் மட்டும் 96 ஆண்டுகள் அசையாமல் நின்றது. எழுதி வைத்திருந்ததால்தான் நின்றது.

சந்தேகமும் பதிலும்

லிட்டில்வுட்டின் சாதனையை 1984-ல் முறியடித்தவர் கிரேக்க நாட்டு யியானிஸ் கூரோஸ். அவர் கதையே வேடிக்கையானது. அதற்கு முந்திய ஆண்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு 246 கிலோமீட்டர் ஓட்டம் முதன் முறையாக நடந்தது. யாரும் அறியாத கூரோஸ், இரண்டாவதாக வந்தவரைவிடச் சுமார் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். பலர் நம்பவில்லை, ஏதோ குறுக்கு வழி என்று பேசினார்கள். கூரோஸ் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்து, இன்னும் குறைவாக, 20 மணி 25 நிமிடத்தில் ஓடி முடித்தார். அதன் பிறகு பேச்சு அடங்கிவிட்டது. 1997-ல் ஒரே நாளில் 303.506 கிலோமீட்டரும், 2005-ல் ஆறு நாளில் 1,036.8 கிலோமீட்டரும் ஓடினார். அந்த ஆறு நாள் சாதனை 2024 வரை நின்றது. அவ்வாண்டு பெல்ஜியம் நாட்டு மத்தியூ பான் 1,045 கிலோமீட்டரைத் தாண்டினார். 2025-ல் மேகன் எக்கர்ட் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியை ஆறு நாளில் 600 மைலைத் தாண்டிய முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார்.

303.506 என்பதில் கடைசி மூன்று இலக்கங்களைக் கவனிக்க வேண்டும். நேரம் முடிந்ததற்கு அடையாளம் ஒலித்தவுடன், ஓடுகிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே குறியிட்டு, முடியாத சுற்றின் மீட்டரையும் அளந்து சேர்ப்பது இப்போட்டிகளின் வழக்கம். ஒரு நாள் முழுக்க ஓடிய களைப்பில் ஐந்நூறு மீட்டர் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். அந்த ஐந்நூறு மீட்டரை விட்டுவிடுகிறவர் முழுக் கணக்கையும் விட்டுவிடுவார்.

2016-ம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர் அந்நாட்டின் குறுக்கே ஓடிச் சாதனை செய்யக் கிளம்பினார். வழியில் ஓர் ஊரில், அவருடன் சிறிது தூரம் ஓடி உற்சாகப்படுத்தலாம் என்று நள்ளிரவில் ஆசையோடு போனார் உள்ளூர் ஓட்டக்காரர் ஒருவர். கூடப் போகும் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடுகிறவரைத்தான் காணோம்! செய்தி பரவியது; அவருக்குப் பணம் கொடுத்து ஆதரித்த நிறுவனமே நிபுணர்களைக் கொண்டு விசாரித்தது. அவர் கையிலிருந்த கடிகாரத்தில் பதிவான தூரத்துக்கும் கால் எடுத்து வைத்த எண்ணிக்கைக்கும் பொருத்தமில்லை. வெளி உதவி இல்லாமல் அப்படி அமையாது என்று அறிக்கை வந்தது. அவர் குற்றத்தை மறுத்தார். ஆனால் சாதனை என்று ஒன்று மிஞ்சவில்லை.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பீட் கோஸ்டெல்னிக் என்பவர் ஸான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு 42 நாள், 6 மணி, 30 நிமிடத்தில் ஓடி, 1980-லிருந்து நின்ற 46 நாள் சாதனையை முறியடித்தார். ஒரு நாளைக்குச் சுமார் 115 கிலோமீட்டர். அவர் ஓர் அலுவலகத்தில் நிதிக் கணக்கு பார்க்கும் உத்தியோகஸ்தர். முதல் சம்பவத்துக்குப் பிறகு எல்லோரும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பார்த்த காலம் அது. அப்படிப் பார்த்தும் கணக்கில் ஓட்டை இல்லை.

நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள நடைபாதையில் 3,100 மைல் ஓட்டம் 1997-லிருந்து நடைபெற்று வருகிறது. வங்கத்தில் பிறந்து அங்கே குடியேறிய ஸ்ரீ சின்மய் தொடங்கியது. ஒரு சுற்று 883 மீட்டர். மொத்தம் 5,649 சுற்று. கெடு 52 நாள். காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை அதே பள்ளி, அதே வேலி, அதே திருப்பம். மேஜை போட்டு உட்கார்ந்து சுற்றுகளைத் தாளில் குறிப்பதற்கென்றே தொண்டர்கள் இருக்கிறார்கள். 2015-ல் 40 நாள், 9 மணி, 6 நிமிடம், 21 விநாடியில் முடித்தார் பின்லாந்து நாட்டு அஷ்பிரிஹனல் ஆல்ட்டோ. ஊரில் அவர் தொழில் அதிகாலையில் வீடு வீடாகப் பத்திரிகை போடுவது! நாற்பது நாள் ஓட்டத்துக்கு விநாடிக் கணக்கு இருக்கிறது என்பதை நம் ஊர்ப் பாராட்டுக் கூட்டக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

ஒசூர் வழியாகப் போன ஓட்டம்

இந்நாட்டில் எவரும் முறையாகச் செய்வதில்லை என்று சொன்னால் அநியாயம். அஜ்மீரைச் சேர்ந்த சூஃபியா சூஃபி டில்லி விமான நிலையத்தில் தரைப் பணியாளராக வேலை பார்த்தவர். ஷிப்ட் வேலையால் கெட்ட உடம்பைச் சரி செய்ய ஓடத் தொடங்கினார். பிறகு வேலையை விட்டுவிட்டார். 2019-ல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு 87 நாளில் ஓடினார். 2020 டிசம்பரில் டில்லியில் புறப்பட்டு, மும்பை, சென்னை, கல்கத்தா வழியாகத் தங்க நாற்கரச் சாலை முழுவதையும், 6,002 கிலோமீட்டர், 110 நாள், 23 மணி, 24 நிமிடத்தில் ஓடி 2021 ஏப்ரலில் டில்லி திரும்பினார். அந்தச் சாலைதான் பெங்களூரிலிருந்து ஒசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்குப் போகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் பஸ் ஏறுகிற பெங்களூர்த் தமிழர்கள் அரைத் தூக்கத்தில் கடக்கிற சாலை. இரவு லாரிகளின் வேகத்தையும் ஓரத்தில் நடப்பவர் படும் பாட்டையும் அவர்கள் அறிவார்கள்.

கின்னஸ் புத்தகத்தில் ஏறுவதற்கு வெறும் மாலையும் படமும் போதாது. ஜி.பி.எஸ். கருவியின் பதிவு, நாள்தோறும் எழுதிய குறிப்பு, சாட்சிகளின் கையெழுத்து, படங்கள் எல்லாம் கேட்பார்கள். சூஃபியாவின் ஓட்டம் அந்தச் சல்லடையில் சலிக்கப்பட்டு நின்றது. மற்றொரு பக்கம், பணம் கட்டினால் பதக்கமும் அத்தாட்சிப் பத்திரமும் அனுப்பி வைக்கிற தனியார் ‘சாதனைப் புத்தகங்கள்’ இங்கே காளான்போல் முளைத்திருக்கின்றன. சம்பளமில்லாத லீவு போட்டு, சேமிப்பைக் கரைத்து, நண்பர்களிடம் கடன் வாங்கி ஓடுகிற இளைஞனுக்குக் கடைசியில் கிடைப்பது கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம். அடுத்த ஊரில் அதற்கு மதிப்பில்லை. அவன் நேர்மையாகவே ஓடியிருக்கலாம். நிரூபிக்க ஏடு இல்லை. ஏமாற்றுகிறவனும் அவனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதாகிறது. இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

கணக்கு இல்லாத நடை ஒன்றும் இந்தச் சாலைகளில் நடந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது டில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் மற்ற நகரங்களிலிருந்தும் வேலையிழந்தவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் சுமந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். வெஸ்டனும் ஓலியரியும் நடந்த நடை அதற்கு ஈடாகாது. அவ்வாண்டு செப்டம்பரில், அப்படி ஊர் திரும்பும் வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டபோது, அத்தகைய புள்ளிவிவரம் இல்லை என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் பதில் அளித்தது. ஓடுகிறவரின் ஐந்நூறு மீட்டரை அளக்கிறது உலகம். நடந்து செத்தவர்களுக்கு ஏடு இல்லை. அதற்காக ஓடுகிறவரின் கணக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

கால் படும் பாடு

உடம்புக்கு இது நல்லதா என்று கேட்டால், ஆறு நாள் ஓட்டம் ஆரோக்கியத்துக்காக யாரும் செய்வதல்ல. பாதம் வீங்கி ஒரு அளவு, இரண்டு அளவு பெரிய பூட்ஸ் தேவைப்படும். தூக்கமின்மையால் இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். வெறும் தண்ணீரையே அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பதும் உண்டு. 2009-ல் இத்தாலியிலிருந்து நார்வேயின் வடமுனை வரை 64 நாளில் 4,487 கிலோமீட்டர் ஓடியவர்களுடன் ஒரு லாரியில் ஸ்கேன் எந்திரத்தையே ஏற்றிக்கொண்டு டாக்டர்கள் போனார்கள். ஓடியவர்களின் மூளைச் சாம்பல் நிறப் பகுதி சுமார் 6 சதவீதம் சுருங்கியது என்றும், எட்டு மாதத்தில் பழைய அளவுக்குத் திரும்பியது என்றும் கண்டார்கள். டாக்டர் துணையும் ஓய்வும் உள்ளவர்களுக்குத் திரும்பியது. பட்டறையில் மறுநாளே வேலைக்கு நிற்க வேண்டியவருக்கும் அப்படித் திரும்புமா என்பதை யாரும் அளந்து பார்த்ததில்லை.

ஆஸ்திரேலியாவின் கிளிப் யங் கதையைச் சொல்லி இளைஞர்களை உசுப்புகிறவர்கள் உண்டு. 1983-ல் 61 வயதான அந்த உருளைக்கிழங்கு விவசாயி, சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 875 கிலோமீட்டரை 5 நாள், 15 மணி, 4 நிமிடத்தில் ஓடிப் பேர்போன வீரர்களை வென்றார்; 10,000 டாலர் பரிசைத் தம்முடன் ஓடியவர்களோடு பகிர்ந்துகொண்டார். இவ்வளவும் உண்மை. தூங்க வேண்டும் என்றே தெரியாததால் ஐந்து நாளும் தூங்கவில்லை என்று சேர்த்துச் சொல்வது கட்டுக்கதை. குறைவாகத் தூங்கினார், ஆனால் தூங்கினார். அதற்கு முன்பும் பல ஆண்டுகள் நெடுந்தூரம் ஓடிப் பழகியவர் அவர். அந்தக் கட்டுக்கதையை நம்பித் தூக்கத்தைத் துறந்து நெடுஞ்சாலையில் இறங்குகிறவரின் உயிருக்கு யார் பொறுப்பு? முதலில் சொன்ன வெஸ்டன் எழுபது வயதில் அமெரிக்காவைக் குறுக்கே நடந்து கடந்தவர். அவர் நடையை நிறுத்தியது வயது அல்ல. 1927-ல் நியூயார்க் தெருவில் ஒரு டாக்ஸி மோதியது, அத்துடன் சரி.

இதற்கெல்லாம் வழி வெகு தூரத்தில் இல்லை. பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் 2022 ஜூலையில் ஆசிய, ஓஷியானியா நாடுகளின் 24 மணி நேர ஓட்டப் போட்டி நடந்தது. இந்திய வீரர் அமர் சிங் தேவந்தா 257.618 கிலோமீட்டர் ஓடி முதலிடம் பெற்றார். ஆண்கள் அணிக்கும் தங்கப் பதக்கம். நானூறு மீட்டர் தடத்தில் 644 சுற்று. லாரி இல்லை, மேடு பள்ளம் இல்லை; பக்கத்திலேயே டாக்டர், தண்ணீர், விளக்கு. கப்பன் பார்க் வழியாக மறுநாள் வேலைக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே இப்படி ஒன்று நடந்தது தெரியும்? மாலை வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடியிருந்தால் தெரிந்திருக்கும்.

நெடுஞ்சாலையில் ஓடித்தான் ஆக வேண்டும் என்கிறவர் போகட்டும். ஆனால் அவரை வரவேற்கும் சங்கங்கள் சில நிபந்தனைகளை விதிக்கலாம். இரவு நிறுத்திய இடத்தைப் படத்தோடு குறித்திருக்க வேண்டும். ஊர்தோறும் அவருக்குச் சம்பந்தமில்லாத இருவர் நேரத்துடன் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கருவியின் பதிவை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். ஏடு இல்லாதவருக்குச் சாப்பாடு போடலாம், படுக்க இடம் தரலாம், சாதனையாளர் பட்டம் தரவேண்டாம்.

மைதானத்தில் நடக்கும் ஓட்டங்களுக்குத் தமிழ்ச் சங்கங்கள் கொடுக்கக்கூடியது பணம் மட்டுமல்ல. இப்போது காலில் கட்டும் கருவி சுற்றுகளைத் தானே எண்ணிவிடுகிறது என்றாலும், கருவி தவறினால் சரிபார்க்க மேஜையில் ஆள் வேண்டும். பகல் நேரத்தில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களே எண்ணக் கிடைப்பார்கள். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கிடைக்கமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஓடுகிறவர் தம் சுற்றைத் தாமே மறக்கிறார். இராத்திரி ஷிப்ட் பழகியவர்களும், நாள் முழுக்க லெட்ஜரில் வரி தவறாமல் எழுதிப் பழகியவர்களும் இந்த நகரில் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள்.